சைபர் பாதுகாப்பு வேலைக்கு எந்தச் சான்றிதழ்? தேர்வு செய்வதிலிருந்து புதுப்பிப்பது வரை

"ஒரு சான்றிதழ் முடிச்சுட்டேன். அடுத்து எது பண்ணலாம்?" இந்தத் துறைக்கு வர நினைப்பவர்களிடமிருந்து எனக்கு அதிகம் வரும் கேள்வி இது. "எந்த வேலைக்கு?" என்று திருப்பிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. சைபர் செக்யூரிட்டி என்பதையே ஒரு வேலையாக நினைத்துக்கொண்டு, கண்ணில் படும் சான்றிதழ்களையெல்லாம் வரிசையாக எழுதிக்கொண்டே போகிறார்கள். மூன்று வருடம் கழித்து ரெஸ்யூமேயில் ஐந்து சின்னங்கள் இருக்கும், ஆனால் அவை ஐந்தும் ஐந்து திசையைக் காட்டும். ஆளெடுக்கும் இடத்தில் உட்கார்ந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: அப்படிப்பட்ட ரெஸ்யூமேயைப் பார்க்கும்போது, இவரை எந்த நாற்காலியில் உட்கார வைப்பது என்று எங்களுக்கே புரிவதில்லை.

அதனால் சான்றிதழிலிருந்து தொடங்காமல் வேலையிலிருந்து தொடங்குவோம்.

முதல் படி: எந்த வேலை என்று முடிவு செய்யுங்கள்

புதிதாக வருபவர்களுக்குத் திறந்திருக்கும் கதவுகளை நான்காகப் பிரிக்கலாம்.

ஒன்று, கண்காணிப்பு. எஸ்ஓசி எனப்படும் பாதுகாப்புக் கண்காணிப்பு மையம், பேச்சுவழக்கில் 'சாக்'. ஷிப்ட் முறையில் உட்கார்ந்து, வந்து விழும் அலர்ட்களைப் பார்த்து, எது உண்மையான தாக்குதல், எது வெறும் சத்தம் என்று பிரிக்கும் வேலை. முன் அனுபவம் இல்லாதவர்கள் அதிகம் நுழைவது இந்த வழியாகத்தான்.

இரண்டு, ஊடுருவல் சோதனை, அதாவது பென்டெஸ்ட். அனுமதி வாங்கிக்கொண்டு ஒரு நிறுவனத்தின் கணினிகளை உடைத்துப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று எழுதிக் கொடுப்பது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு உடைப்பது மட்டும்தான் தெரியும். உள்ளே இருப்பவர்களுக்குத் தெரியும், எழுதுவது அதில் பெரும்பங்கு என்று.

மூன்று, ஆடிட், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ். ஜிஆர்சி (கவர்னன்ஸ், ரிஸ்க், கம்ப்ளையன்ஸ்) என்பார்கள். கொள்கை ஆவணத்தில் எழுதியிருப்பது நடைமுறையில் நடக்கிறதா என்று ஆதாரம் கேட்டுச் சரிபார்க்கும் வேலை. கணக்கு, சட்டம், நிர்வாகப் பின்னணியிலிருந்து வருபவர்களுக்கு இது நல்ல வழி. புரோகிராம் எழுதத் தெரியாது என்பதற்காக ஒதுங்கிப்போகிறவர்கள் இந்தக் கதவை ஒருமுறை தட்டிப் பாருங்கள்.

நான்கு, பொறியியல் பக்கம்: நெட்வொர்க், கிளவுட், அப்ளிகேஷன் பாதுகாப்பு. ஏற்கெனவே சிஸ்டம் அட்மினாகவோ டெவலப்பராகவோ இருப்பவர்கள் நகர்ந்து வரும் இடம்.

இந்த நான்கிலும் கேட்கப்படும் சான்றிதழ்கள் வேறு வேறு. இங்கே முடிவெடுக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் படி: 30 விளம்பரங்களைப் படியுங்கள்

நீங்கள் வேலை பார்க்க விரும்பும் ஊரில், நீங்கள் தேர்ந்தெடுத்த பதவிக்கு வந்திருக்கும் 30 வேலை விளம்பரங்களைத் திறந்து வையுங்கள். ஒரு எக்செல் தாளில் மூன்று நெடுவரிசை போதும்: கட்டாயம் என்று கேட்ட சான்றிதழ், இருந்தால் நல்லது என்று கேட்டது, கேட்ட அனுபவ ஆண்டுகள். ஒரு மாலை நேரத்தில் முடிந்துவிடும். எந்தப் பயிற்சி மையத்தின் விளம்பரத்தையும்விட இந்தத் தாள் உங்களுக்கு நேர்மையாகப் பேசும், ஏனென்றால் அதற்கு உங்களிடம் விற்க எதுவும் இல்லை.

படிக்கும்போது ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்றிரண்டு வருட அனுபவம் கேட்கும் பதவிக்கு, ஐஎஸ்சி2 அமைப்பின் மூத்த நிலைச் சான்றிதழான சிஐஎஸ்எஸ்பி வேண்டும் என்று எழுதியிருப்பார்கள். அந்தச் சான்றிதழுக்கே ஐந்து வருட அனுபவம் வேண்டும். பழைய விளம்பரத்தை வெட்டி ஒட்டியதால் இப்படி வருவதுண்டு. மற்ற தகுதிகள் உங்களிடம் இருந்தால் தயங்காமல் விண்ணப்பியுங்கள்.

நிறுவனங்கள் ஏன் சான்றிதழ் கேட்கின்றன என்பதும் தெரிந்திருக்க வேண்டும். நூற்றுக்கணக்கில் வரும் விண்ணப்பங்களை எச்ஆர் வடிகட்டுவதற்கு ஒரு சொல் வேண்டும். அது முதல் காரணம். இரண்டாவது, ஒப்பந்தம். தங்கள் வேலைக்கு அமர்த்தப்படும் குழுவில் இன்ன சான்றிதழ் பெற்றவர்கள் இருக்க வேண்டும் என்று வாடிக்கையாளரே எழுதி வாங்குவார். மூன்றாவது, அரசு விதி. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் 8140 என்ற விதி, அதற்கு முன்பிருந்த 8570, எந்தப் பணிக்கு எந்தச் சான்றிதழ் செல்லும் என்று பட்டியலே வைத்திருக்கிறது. காம்ப்டியா என்ற அமைப்பின் அடிப்படைச் சான்றிதழான செக்யூரிட்டி பிளஸ் அங்கே இவ்வளவு பரவியதற்கு அந்தப் பட்டியல் ஒரு பெரிய காரணம். இந்த மூன்றிலும் உங்கள் திறமையை நேரடியாக அளக்கும் காரணம் ஒன்றுகூட இல்லை என்பதை மனதில் வையுங்கள். திறமையை அளப்பது நேர்காணலில்.

மூன்றாம் படி: அடித்தளம்

பிரவுசரில் ஒரு முகவரியைத் தட்டி என்டர் அழுத்தினால் பக்கம் திறக்கும்வரை என்னென்ன நடக்கிறது? டிஎன்எஸ், டிசிபி இணைப்பு, டிஎல்எஸ் கைகுலுக்கல், எச்டிடிபி கோரிக்கை என்று ஐந்து நிமிடம் தடையில்லாமல் சொல்ல முடிகிறதா? லினக்ஸ் கமாண்ட் லைனில் ஒரு கோப்பைத் தேடி, அதன் அனுமதிகளை மாற்றி, ஒரு லாக்கிலிருந்து குறிப்பிட்ட ஐபி வந்த வரிகளை மட்டும் பிரித்தெடுக்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் நேராக அடுத்த படி.

இல்லையென்றால் முதலில் நெட்வொர்க். காம்ப்டியாவின் நெட்வொர்க் பிளஸ் பாடத்திட்டத்தையோ சிஸ்கோவின் சிசிஎன்ஏ பாடத்திட்டத்தையோ எடுத்துப் படியுங்கள். படித்தால் போதும், தேர்வு எழுதியே ஆக வேண்டும் என்பதில்லை. நெட்வொர்க் பொறியாளராகத் தொடங்கி அதன் வழியாகப் பாதுகாப்புக்கு வர நினைப்பவர்களுக்கு மட்டும் சிசிஎன்ஏ தேர்வையே எழுதச் சொல்வேன், ஏனென்றால் அது தனியாக ஒரு வேலையையும் வாங்கித் தரும்.

நான்காம் படி: முதல் சான்றிதழ்

பெரும்பாலானவர்களுக்கு என் பரிந்துரை காம்ப்டியா செக்யூரிட்டி பிளஸ். எந்தக் கிளைக்குப் போனாலும் பயன்படும். இப்போது பரவலாக எழுதப்படும் எஸ்ஒய்0-701 பதிப்பு 2023 நவம்பரில் வந்தது. பதிப்புகள் மாறிக்கொண்டே இருக்கும் என்பதால் புத்தகம் வாங்கும் முன் எது நடப்பில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதிகபட்சம் 90 கேள்விகள், 90 நிமிடம். 100 முதல் 900 வரையிலான அளவுகோலில் 750 எடுத்தால் தேர்ச்சி. இந்த 750 சதவீதக் கணக்கு இல்லை; கேள்விகளின் கடினத்தைப் பொறுத்து மாற்றியமைக்கப்படும் அளவு. மாதிரித் தேர்வில் எடுத்த சதவீதத்தை அதோடு ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

பலர் தடுமாறுவது செய்முறைக் கேள்விகளில். ஃபயர்வால் விதிகளைச் சரியான வரிசையில் அடுக்கு, இந்த லாக்கைப் பார்த்து எந்தக் கணினியில் மால்வேர் முதலில் நுழைந்தது என்று கண்டுபிடி என்பது போல வரும். பெரும்பாலும் ஆரம்பத்திலேயே வந்து நிற்கும். அதிலேயே 20 நிமிடத்தைத் தொலைத்துவிட்டு, சுலபமான கேள்விகளுக்கு நேரமில்லாமல் தவிப்பவர்கள் உண்டு. குறியிட்டு வைத்துவிட்டுக் கடந்து போங்கள், கடைசியில் வந்து செய்யுங்கள். பாடத்திட்டத்தில் அதிக எடை செக்யூரிட்டி ஆபரேஷன்ஸ் பகுதிக்கு, 28 சதவீதம். படிப்பு நேரத்தையும் அதற்கேற்பப் பிரியுங்கள்.

கையில் பணம் குறைவு, இந்தத் துறை நமக்கு ஒத்துவருமா என்றும் தெரியவில்லை என்பவர்கள் ஐஎஸ்சி2 அமைப்பின் 'சிசி' சான்றிதழில் தொடங்கலாம். அனுபவம் எதுவும் கேட்காத நுழைவுநிலைத் தேர்வு. 10 லட்சம் பேருக்குப் பயிற்சியும் தேர்வும் இலவசம் என்று 2022இல் அந்த அமைப்பு ஒரு திட்டத்தை அறிவித்தது. தேர்ச்சிக்குப் பிறகு ஆண்டுக் கட்டணம் உண்டு என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

ஐந்தாம் படி: கிளைக்கேற்ற இரண்டாவது சான்றிதழ்

கண்காணிப்புப் பக்கம் போகிறவர்களுக்கு மைக்ரோசாஃப்டின் எஸ்சி-200 நேரடியாகக் கைகொடுக்கும். சென்டினல், டிஃபெண்டர் கருவிகளை வைத்து விசாரணை செய்வது, அதற்கான கேக்யூஎல் மொழியில் தேடல் எழுதுவது எல்லாம் அதில் வரும். உங்கள் எக்செல் தாளில் உள்ள நிறுவனங்கள் ஸ்பிளங்க் என்ற லாக் ஆய்வுக் கருவியை வைத்திருந்தால் அந்தப் பக்கம் திரும்புங்கள். கருவி எதுவோ அதுவே சான்றிதழ். காம்ப்டியாவின் சைசா பிளஸ் எந்தக் கருவியையும் சாராதது. அதில் தேறினால் செக்யூரிட்டி பிளஸும் கூடவே புதுப்பிக்கப்பட்டுவிடும்.

ஜியாக் (GIAC) அமைப்பின் சான்றிதழ்களான ஜிசிஐஎச் (தாக்குதலைக் கையாள்வது), ஜிசிஎஃப்ஏ (தடயம் ஆராய்வது) போன்றவற்றுக்குத் துறையில் மிகுந்த மதிப்பு உண்டு. சான்ஸ் (SANS) என்ற நிறுவனத்தின் பயிற்சியோடு சேர்ந்து வருவதால் செலவும் மிக அதிகம். புத்தகத்தைப் பார்த்து எழுதும் தேர்வு, ஆனால் அச்சிட்ட தாள் மட்டுமே அனுமதி. அதனால் படிப்பவர்கள் தாங்களே பக்க எண்ணோடு அகரவரிசையில் ஒரு சொல்லடைவு தயாரித்துக்கொண்டு போவார்கள். அதைத் தயாரிக்கும்போதே பாதிப் பாடம் மண்டையில் ஏறிவிடும். சொந்தப் பணத்தில் இதற்குப் போகாதீர்கள். நிறுவனம் கட்டும்போது விடாதீர்கள்.

ஊடுருவல் சோதனைக்கு விளம்பரங்களில் அதிகம் தென்படுவது ஆஃப்செக் நிறுவனத்தின் செய்முறைச் சான்றிதழான ஓஎஸ்சிபி. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தேர்வின் வடிவமே அந்த வேலையைக் காட்டுகிறது. 23 மணி 45 நிமிடம், கேமராவில் ஒருவர் உங்களைக் கண்காணித்துக்கொண்டிருக்க, நீங்கள் ஒரு தனி நெட்வொர்க்குக்குள் புகுந்து கணினிகளைக் கைப்பற்ற வேண்டும். தனித்தனிக் கணினிகள் மூன்று, தலா 20 மதிப்பெண். ஆக்டிவ் டைரக்டரி (நிறுவனத்தின் பயனர்களையும் கணினிகளையும் நிர்வகிக்கும் விண்டோஸ் அமைப்பு) தொகுப்பு ஒன்று, 40 மதிப்பெண். 70 எடுத்தால் தேர்ச்சி. நேரம் முடிந்ததும் அறிக்கை எழுதி அனுப்ப இன்னொரு 24 மணி நேரம். கைப்பற்றிய கணினியின் சான்றுக் கோப்பும் அதன் ஐபி முகவரியும் தெரியும் ஸ்கிரீன்ஷாட் அறிக்கையில் இல்லையென்றால், உடைத்தது உண்மையாகவே இருந்தாலும் அந்த மதிப்பெண் போய்விடும். அதனால் லேபில் பழகும் முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு கட்டளையையும் அதன் விளைவையும் குறித்துவைக்கும் பழக்கம் வேண்டும். 2024 நவம்பர் முதல் தேறுகிறவர்களுக்கு ஓஎஸ்சிபியோடு ஓஎஸ்சிபி பிளஸ் என்பதும் கிடைக்கிறது. முன்னது காலாவதி ஆகாது, பின்னது மூன்று வருடத்துக்குச் செல்லும்.

நேராக ஓஎஸ்சிபியில் குதிக்காமல், இஜேபிடி போன்ற சிறிய செய்முறைத் தேர்வு ஒன்றில் கால் நனைத்துவிட்டுப் போவது நல்லது.

சிஇஎச், அதாவது சர்டிஃபைட் எதிகல் ஹேக்கர் சான்றிதழ் பற்றிக் கேட்பீர்கள். பெயர் எச்ஆர் வட்டாரத்தில் நன்றாகத் தெரிந்த பெயர். அதன் முதன்மைத் தேர்வு 125 பல்தேர்வுக் கேள்விகள், 4 மணி நேரம். ஆறு மணி நேரச் செய்முறைத் தேர்வு தனியாக இருக்கிறது. உங்கள் 30 விளம்பரத் தாளில் சிஇஎச் அடிக்கடி வந்தால் எழுதுங்கள், செய்முறைத் தேர்வையும் சேர்த்தே எழுதுங்கள். தாளில் வரவில்லையென்றால் அந்தப் பணத்தை லேபில் போடுங்கள்.

ஆடிட் பக்கத்துக்கு ஐசாக்கா (ISACA) அமைப்பின் சிசா (CISA). 1978இலிருந்து இருக்கும் சான்றிதழ், 150 கேள்விகள், 4 மணி நேரம். தேர்வை யாரும் எழுதலாம். சான்றிதழ் கையில் வர ஐந்து வருட அனுபவம் வேண்டும். படிப்புக்கும் வேறு சில அனுபவங்களுக்கும் அதிகபட்சம் மூன்று வருடம்வரை கழிவு கிடைக்கும். தேறிய பின் விண்ணப்பிக்க ஐந்து வருட அவகாசமும் உண்டு. ஆக, வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வருடத்துக்குள்ளேயே தேர்வை முடித்துவைப்பது புத்திசாலித்தனம். அதோடு, தகவல் பாதுகாப்பு நிர்வாகத்துக்கான தரநிலையான ஐஎஸ்ஓ 27001இன் லீட் ஆடிட்டர் பயிற்சியும் சேர்ந்தால் ஆலோசனை நிறுவனங்களில் உடனடியாகப் பயன்படுவீர்கள். அந்தத் தரநிலையின் 2022 பதிப்பை வைத்து நடத்தும் பயிற்சியா என்று கேட்டுச் சேருங்கள்.

கிளவுட் பக்கத்தில் முதலில் அந்தந்தத் தளத்தின் பொதுவான சான்றிதழ், பிறகு பாதுகாப்புச் சான்றிதழ். அமேசானின் ஏடபிள்யூஎஸ் என்றால் செக்யூரிட்டி ஸ்பெஷாலிட்டி, மைக்ரோசாஃப்டின் அஷூர் என்றால் அதற்குரிய பாதுகாப்புத் தேர்வு. எஸ்3 பக்கெட்டை (ஏடபிள்யூஎஸ்ஸின் கோப்புச் சேமிப்பிடம்) ஒருமுறைகூடத் திறந்து பார்க்காமல் இவற்றை எழுதுவதில் பொருளில்லை.

ஆறாம் படி: சிஐஎஸ்எஸ்பி எப்போது?

சிஐஎஸ்எஸ்பியை வெறும் தொழில்நுட்பத் தேர்வாக நினைப்பவர்கள் அதில் விழுகிறார்கள். எட்டுப் பிரிவுகள்: ரிஸ்க் நிர்வாகம், தகவல் சொத்துகளின் பாதுகாப்பு, கட்டமைப்பு, நெட்வொர்க், அடையாள நிர்வாகம், சோதனை, அன்றாடச் செயல்பாடு, மென்பொருள் உருவாக்கம். கேள்விகள் ஒரு நிர்வாகியின் நாற்காலியிலிருந்து கேட்கப்படும். நான்கு விடைகளில் மூன்று சரியாகவே தோன்றும். சர்வரைத் துண்டிப்பதா, பேட்ச் போடுவதா, பாதிப்பை மதிப்பிடுவதா, போலீஸுக்குச் சொல்வதா என்று கேட்டால், கைவேலைக்காரரின் மனம் உடனே துண்டிக்கப் போகும். பெரும்பாலும் முதலில் செய்ய வேண்டியது மதிப்பிடுவது.

2024 ஏப்ரலிலிருந்து தேர்வு மூன்று மணி நேரம், 100 முதல் 150 கேள்விகள். நீங்கள் எழுத எழுத, உங்கள் விடைகளைப் பார்த்து அடுத்த கேள்வியின் கடினம் மாறும். விடை கொடுத்துவிட்டால் திரும்பிப் போய் மாற்ற முடியாது. 100ஆவது கேள்வியோடு திரை நின்றுவிட்டால் தேறியதாகவும் இருக்கலாம், தோற்றதாகவும் இருக்கலாம்.

எட்டில் குறைந்தது இரண்டு பிரிவுகளில் சேர்த்து ஐந்து வருடம் சம்பளத்துடன் வேலை பார்த்திருக்க வேண்டும். பட்டமோ அவர்கள் ஏற்றுக்கொண்ட இன்னொரு சான்றிதழோ இருந்தால் ஒரு வருடம் கழியும்.  தேறியபின் ஒன்பது மாதத்துக்குள், ஐஎஸ்சி2 சான்றிதழ் வைத்திருக்கும் ஒருவர் உங்கள் அனுபவத்துக்கு உறுதி அளிக்க வேண்டும். அப்படி யாரையும் தெரியாது என்றால் அந்த அமைப்பே சரிபார்த்து உறுதி தரும்.

அனுபவம் இல்லாமலும் தேர்வு எழுதலாம். தேறினால் 'ஐஎஸ்சி2 அசோசியேட்' என்ற நிலை கிடைக்கும், அனுபவத்தைச் சேர்க்க ஆறு வருடம் அவகாசம். ஆனால் அந்த நிலையில் ரெஸ்யூமேயில் சிஐஎஸ்எஸ்பி என்று போட்டுக்கொள்ளக் கூடாது. இதைத் தெரியாமல் போட்டுக்கொள்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். நம்பிக்கையை விற்கும் துறையில் அது பெரிய சறுக்கல். மூன்று நான்கு வருட அனுபவம் சேர்ந்தபின் எழுதுவதே சரி என்பது என் கருத்து. நிர்வாகப் பொறுப்புக்கு நகர்பவர்கள் அதற்குப் பக்கத்தில் ஐசாக்காவின் பாதுகாப்பு நிர்வாகச் சான்றிதழான சிஸம் (CISM) என்பதையும் பார்க்கலாம்.

ஏழாம் படி: படிப்பது

தேர்வு நடத்தும் அமைப்பின் தளத்தில் பாடத்திட்ட ஆவணம் இலவசமாகக் கிடைக்கும். முதலில் அதை அச்சிடுங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே, பிறருக்கு விளக்க முடியும், கேள்விப்பட்டிருக்கிறேன், தெரியாது என்று மூன்றில் ஒன்றை எழுதுங்கள். உங்கள் படிப்பு அட்டவணை அங்கேயே தயாராகிவிட்டது.

எது படித்தாலும் அன்றே கையால் செய்து பாருங்கள். ஒரு கணினிக்குள் வேறு கணினிகளை ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு விண்டோஸ், ஒரு 'காலி' (Kali) லினக்ஸ் போதும். தவறான பாஸ்வேர்டை நீங்களே ஐந்து முறை போட்டுவிட்டு, அது லாக்கில் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று போய்ப் பாருங்கள். நீங்கள் ஏற்படுத்திய தடத்தை நீங்களே கண்டுபிடித்தது மறக்காது.

வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் செக்யூரிட்டி பிளஸுக்கு இரண்டு மூன்று மாதம் ஒதுக்கலாம். பாடத்திட்டத்தில் பாதி முடிந்ததும் தேர்வுத் தேதியைப் பதிவு செய்துவிடுங்கள்.

டம்ப் பக்கம் போகாதீர்கள். தேர்வுக் கேள்விகளைத் திருடி விற்கும் தளங்களிலிருந்து படித்தது தெரியவந்தால் சான்றிதழ் ரத்தாகும், மறுபடி எழுதவும் தடை வரும். அதைவிடப் பெரிய இழப்பு அடுத்த படியில் தெரியும்.

எட்டாம் படி: நேர்காணல்

நேர்காணலில் நான் ஒரு தாளை மேஜையில் வைப்பேன். விண்டோஸ் லாகின் பதிவுகள், 40 வரி. 4625 என்ற எண் வரிசையாக வரும், லாகின் தோல்வி. எல்லாம் ஒரே ஐபியிலிருந்து. ஆனால் ஒவ்வொரு வரியிலும் பயனர் பெயர் வேறு. 37ஆவது வரியில் மட்டும் 4624, லாகின் வெற்றி.

நான்கு சான்றிதழ் வைத்திருந்த ஒருவர் தாளைப் பார்த்ததும் "புரூட் ஃபோர்ஸ் அட்டாக்" என்றார். அடுத்து என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். "ஐபியை பிளாக் பண்ணுவேன்" என்றார். அதோடு நின்றுவிட்டார். அன்றே வந்த இன்னொருவரிடம் செக்யூரிட்டி பிளஸ் மட்டும்தான் இருந்தது. அவர் விரலை வைத்து வரி வரியாக இறங்கினார். "ஒரே ஆளுக்கு நிறைய தடவை முயற்சி பண்ணலை. எல்லார் பேர்லயும் ஒரே பாஸ்வேர்டை ஒவ்வொரு தடவை போட்டுப் பார்த்திருக்காங்க, அக்கவுண்ட் லாக் ஆகக் கூடாதுன்னு. இது பாஸ்வேர்ட் ஸ்ப்ரேயிங்." விரல் 37இல் நின்றது. "இவர் மாட்டிக்கிட்டார். முதல்ல இந்த அக்கவுண்டை முடக்கணும். அப்புறம் இது உள்ளே வந்ததுக்கு அப்புறம் எங்கெல்லாம் போச்சுன்னு பார்க்கணும்." வேலை அவருக்குத்தான் கிடைத்தது.

ஆகவே ரெஸ்யூமேயில் ஒவ்வொரு சான்றிதழுக்குக் கீழேயும் அதை வைத்து நீங்கள் செய்த ஒரு காரியத்தை ஒரே வரியில் எழுதுங்கள். வீட்டு லேபில் வேசூ (Wazuh) என்ற கண்காணிப்புக் கருவியை நிறுவி எந்தத் தாக்குதலைக் கண்டுபிடித்தீர்கள், எந்தப் பயிற்சிக் கணினிக்கு அறிக்கை எழுதினீர்கள் என்று. சான்றிதழைச் சரிபார்க்கும் இணைப்பையும் கூடவே கொடுங்கள். இன்னும் எழுதாத தேர்வென்றால், பதிவு செய்த மாதத்தோடு 'தயாராகி வருகிறேன்' என்று வெளிப்படையாகப் போடலாம். தேதி இருந்தால் நாங்கள் அதை மதிப்போம்.

ஒன்பதாம் படி: புதுப்பித்தல்

தேறிய அன்றே காலாவதித் தேதியைக் காலண்டரில் போடுங்கள். செக்யூரிட்டி பிளஸ் மூன்று வருடம், அதற்குள் 50 தொடர்கல்விப் புள்ளிகள். சிஐஎஸ்எஸ்பிக்கு மூன்று வருடத்தில் 120. சிசாவுக்கும் 120தான், ஆனால் ஒவ்வொரு வருடமும் குறைந்தது 20 சேர்த்திருக்க வேண்டும். ஜியாக் நான்கு வருடத்துக்கு 36. மைக்ரோசாஃப்டின் எஸ்சி-200க்கு வருடா வருடம் இணையத்தில் ஒரு இலவச மதிப்பீடு. பலவற்றுக்கு ஆண்டுக் கட்டணம் தனி.

ஒரே கருத்தரங்கில் உட்கார்ந்த மணிநேரத்தை, விதி இடம் கொடுத்தால், வெவ்வேறு அமைப்புகளின் சான்றிதழ்களுக்கும் கணக்குக் காட்டலாம். கலந்துகொண்ட தேதி, தலைப்பு, நேரம், அத்தாட்சி ஆகியவற்றை அன்றே ஒரு கோப்பில் சேமியுங்கள். தணிக்கைக்கு உங்களைத் தேர்ந்தெடுத்தால் ஆதாரம் கேட்பார்கள். வேலையில் சேரும்போதே தேர்வுக் கட்டணத்தையும் ஆண்டுக் கட்டணத்தையும் நிறுவனம் ஏற்குமா என்று கேட்டு, பணி நியமனக் கடிதத்தில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டிய பிறகு இத்தனை மாதம் வேலையை விடக் கூடாது என்ற நிபந்தனை கூடவே இருக்கக்கூடும், அந்த வரியையும் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.